ஊசி என் சட்டைப் பையில் இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். என் வேலையும் அப்படிப்பட்டது. வாகனக் காப்புறுதிக் கம்பனியொன்றில் இருக்கிறேன், விபத்து என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் கதை உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நிறுத்தி வைத்திருந்த காரில் மதில் தானாக வந்து மோதியது என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவர்களை எல்லாம் நான் கண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புதிதில்லை, அதே பார்வையை எத்தனையோ பேர் மேல் நானே வீசியிருக்கிறேன். நம்பாவிட்டால் போங்கள். நடுவில் சிரிக்க மட்டும் வேண்டாம்.

நான் பழைய இசைத்தட்டுச் சேர்க்கிறவன். எல்லாவற்றையும் இல்லை. ஒரேயொரு ரொக் பேண்ட், எழுபதுகளில் உலகத்தையே ஆட்டி வைத்த நாலு பேர், அவர்களுடைய தட்டுகள், அதிலும் அமெரிக்காவில் அடித்தவை மட்டும். பேண்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் போய்த் தேடுவீர்கள், தேட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கதையையே சொல்கிறேன். அதே பாட்டு எங்கே அடித்தால் என்ன என்று என் மனைவி சுகந்தி கேட்பாள். வித்தியாசம் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் பாட்டைத் தட்டில் கோடாக வெட்டுகிறவன் வேறு, அவனுடைய காது வேறு. அமெரிக்கன் பிரெஸ்ஸிங்கில் டிரம் அடி நெஞ்சில் வந்து விழும், உறை தடித்த மட்டை, கையில் எடுத்தால் ஒரு பாரம் இருக்கும். பாட்டு முடிகிற இடத்தில், லேபலுக்குப் பக்கத்தில் கறுப்பாக வெறுமனே இருக்கிற வளையத்தில், வெட்டியவன் தன் பெயரின் முதலெழுத்தைக் கையாலேயே கீறி வைத்திருப்பான். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால்தான் தெரியும். அந்தக் கீறலைக் காண்பதற்காக நான் கொழும்பில் ஏறாத படி இல்லை.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், அப்பார்ட்மென்டின் ஐந்தாம் மாடி. வீடு என்னுடையதில்லை. சுகந்தியின் அண்ணன் கனடாவிலிருந்து வாங்கிப் போட்டது, நாங்கள் இருந்து பார்த்துக்கொள்கிறோம். கடல் உப்பு உறைகளைத் தின்றுவிடும் என்பதற்காக ஒரு அறையின் ஜன்னலை நிரந்தரமாக மூடி, தட்டுகளை அங்கே வைத்திருந்தேன். அந்த மூடிய ஜன்னலால் எனக்கும் சுகந்திக்கும் பெரிய சண்டையெல்லாம் நடந்திருக்கிறது, அது வேறு கதை.

போன வருஷம், மழைக்கு முன்னால், கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் பழைய ஆங்கில றெக்கோர்டுகள் இருக்கின்றன என்று இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். போனேன். தேவாலயத்துக்குப் பின்பக்கமாகப் போகிற ஒடுங்கிய தெருவில் பழைய வீடு. பெர்னதெத் என்று ஒரு அம்மா, அறுபது தாண்டியிருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கணவர் கப்பலில் எஞ்சின் றூமில் வேலை செய்தவராம், அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய் வருகிறபோது வாங்கி வந்தவையாம், அவர் இறந்து கொஞ்சக் காலமாகிறதாம். அலுமாரியின் அடித்தட்டில் கட்டில் விரிப்பால் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். அத்தனையும் பேண்டின் தட்டுகள், அத்தனையும் அமெரிக்கன். நடுவில் ஒன்று, வெள்ளை லேபலோடு, வானொலி நிலையங்களுக்கு மட்டும், விற்பனைக்கல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு. அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அது மட்டும் போதும் என்று கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா விலை பேசவேயில்லை.

“எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க தம்பி,” என்றார். “ஒண்ணு ரெண்டு வச்சிட்டுப் போறதுன்னா வேணாம். கொண்டு போனா திருப்பிக் கொண்டு வராதீங்க. நீங்க வந்தாலும் நான் கேட்டைத் தெறக்க மாட்டேன்.”

அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நான் அவரிடம் பிச்சைக்கு வந்தவன் போல இருந்தது. ஆனால் தட்டுச் சேர்க்கிறவனுக்கு மானம் ரோஷம் கொஞ்சம் குறைவு, எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு காலி ஊருக்குப் போகிற வீதி நெரிசலில் வந்து சேர்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்துப் போட்டுக் கேட்டேன். தட்டில் ஏதோ குரல் கேட்டது, பின்பக்கமாகச் சுற்றியது என்றெல்லாம் சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அப்படி ஒன்றுமே இல்லை. அப்படியொரு சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை, அவ்வளவுதான். சுகந்திகூட வந்து வாசலில் நின்று கேட்டாள்.

அடுத்த கிழமை பிரச்சினை தொடங்கியது.

எங்களுக்கு நேர் கீழே நாலாம் மாடியில் புவனா அன்ரி. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர், பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பார்ட்மென்ட் கமிட்டியின் செயலாளர். செயலாளர் என்றால் சும்மா இல்லை, யார் வீட்டுக் குப்பை எத்தனை மணிக்கு இறங்கியது என்பது வரை தெரியும். நான் வேலை முடிந்து வருகிறேன், லிப்டுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். பகலில் பாட்டுப் போடுவதென்றால் மெல்லமாகப் போட வேண்டும், நிலத்தில் காலால் உதைத்துத் தாளம் போடுவதற்கு இது மண்டபம் இல்லை என்றார். பகலில் நானும் சுகந்தியும் வீட்டிலேயே இல்லையே அன்ரி, வேலையில் நின்றோம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பொய் சொல்லுறதெண்டாலும் ஒரு மரியாதை இருக்க வேணும், மிஸ்டர் ரமணன்,” என்றார்.

எனக்கு வந்த கோபம். பொய்யைப் பிடிக்கிறவனைப் பார்த்துப் பொய்யன் என்கிறார். நானும் திருப்பிக் கொடுத்தேன், வயது போனால் காதில் இரைச்சல் வரும், டொக்டரிடம் காட்டுங்கள் என்று. அன்றோடு பகை.

அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு மூன்று நாள் முறைப்பாடு. அப்பார்ட்மென்ட் குரூப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுவார், லிப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டுவார், ஐந்தாம் மாடி வாசி ஒருவர் என்று பெயர் போடாமல். ஒவ்வொரு தடவையும் மத்தியானம் இரண்டு மூன்று மணி. நான் கொள்ளுப்பிட்டியில் கம்பனி மேசையில் இருக்கிற நேரம், காலையில் மெஷினில் விரல் வைத்து உள்ளே போனால் பின்னேரம் விரல் வைத்துத்தான் வெளியே வரலாம். கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். வேலையிடத்திலிருந்து ஆதாரம் கொண்டுவந்து காட்டட்டுமா என்றும் கேட்டேன். புவனா அன்ரி அசையவில்லை.

“அப்ப பல்கனியில நிண்டு என்னைக் குனிஞ்சு பாத்துத் தூசணத்தால ஏசினது ஆர்?” என்றார். “நான் என்ர கண்ணால கண்டனான். இதே மூஞ்சி.”

இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசல் காவலாளி சுனிலைக் கூப்பிட்டேன். அவன் சிங்களப் பொடியன், கொச்சைத் தமிழ் கதைப்பான், என்னைச் சிங்களத்தில் மாத்தயா, ஐயா என்று கூப்பிடுவான், என்னோடு நல்ல மாதிரி, அவன் எனக்காகச் சொல்லுவான் என்று நினைத்தேன். சுனில் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு, மாத்தயா பகலில் மேலே போகிறதைத் தான் காணவில்லை என்றான். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கீழே வருகிறதை இரண்டு தடவை கண்டேன் என்றான், படியால் இறங்கி வந்து, கேட் வரை வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பப் போனது என்றான். குட் ஆஃப்டர்நூன் சொன்னேன், மாத்தயா என்னைப் பார்த்த பார்வையில் பயந்துபோனேன் என்றான்.

இப்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன். எல்லோரும் சேர்ந்து எங்களைக் கிளப்பப் பார்க்கிறார்கள். கடல் தெரிகிற வீடு, வாடகைக்கு விட்டால் நல்ல காசு, யாரோ கண் வைத்துவிட்டார்கள். கமிட்டி கனடாவுக்கு எழுதப் போகிறது என்ற கதையும் வந்தது. சுகந்தியின் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

என்னை அதைவிட அதிகமாக வெட்டியது சுகந்திதான். கமிட்டியில் அத்தனை பேர் முன்னால் நான் கத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் போடுகிற சத்தத்துக்கு அழுவாள் அல்லது திருப்பிக் கத்துவாள், அதுதான் வழக்கம். அன்று இரண்டும் இல்லை. இரவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், நான் ஹோலில் படுத்தேன். அப்படியே பல நாள் போனது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பின்னேரம் வந்து பார்த்தால் அந்த வெள்ளை லேபல் தட்டு பிளேயரின் மேல் இருக்கும். நான் கேட்டு முடித்தால் உறைக்குள் போட்டு, அந்த உறையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நிமிர்த்தி அடுக்கி வைக்கிறவன். எனக்கு முன்னால் வேலையால் வருகிற சுகந்திதான் எடுத்துப் போடுகிறாள், எனக்கு எரிச்சல் மூட்டுவதற்காகச் செய்கிறாள் என்று நினைத்தேன். கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்பவில்லை.

அதற்கு ஒரு முடிவு கட்டினேன். பிளேயரின் கையின் நுனியில் ஊசி பூட்டிய சின்னத் தலையொன்று இருக்கும், திருகினால் தனியாகக் கழன்று வரும். ஊசி இல்லாமல் தட்டுச் சுற்றும், சத்தம் வராது, யாராலும் வர வைக்க முடியாது. அதைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று பன்னிரண்டு மணிக்கே போன் அடித்தது. புவனா அன்ரி. போனை எங்கேயோ உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “கேளுங்கோ, நீங்களே கேளுங்கோ,” என்கிறார். கேட்டது. கூரை வழியாக வருகிற மாதிரி அமுங்கிப் போய், ஆனால் அந்த டிரம் அடி, அந்தத் தட்டின் இரண்டாம் பக்கம். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. மற்றக் கையால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். பெட்டி இருந்தது. திறந்து பார்த்தேன். ஊசியும் இருந்தது.

உடனே வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று சொல்லுவீர்கள். போகவில்லை. பயம் என்று நினைத்தால் நினையுங்கள். வயிற்றுவலி என்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

பெர்னதெத் அக்கா சொன்ன மாதிரியே கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே முன்விறாந்தையில் நின்று, கிறில் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். முதலில் கேட்டது என்ன என்று நினைக்கிறீர்கள்?

“வந்திருக்கிறது நீங்கதானா?”

எனக்கு விளங்கவில்லை, ஓம் அக்கா, தட்டு வாங்கிப் போன ஆள்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “அதக் கேக்கல,” என்றார்.

பிறகு நின்ற நிலையிலேயே சொன்னார், நான் கேள்வி கேட்கக்கூட இடம் தரவில்லை. கணவர் கப்பலை விட்டு வந்த பிறகு அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். கொஞ்சக் காலத்தில் கடைக்குப் போன மனிதர் வீட்டுக்குள்ளே இருப்பாராம். உள்ளே படுத்திருந்தவர் வெளியே இருந்து வந்து மணி அடிப்பாராம். ஒருவர் சாதுவாம், மற்றவர் வாயைத் திறந்தால் நெருப்பாம், கைநீட்டுவாராம். ஆனால் முதலில் இருந்த மனிதரும் கோபக்காரர்தானாம், அதனால் எது எவர் என்று இவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லையாம். ஃபாதரைக் கூட்டி வந்து வீடு மந்திரித்தும் பார்த்தாராம். கடைசியில் ஒருநாள் இருவரில் ஒருவர் குளியலறையில் விழுந்து இறந்து கிடந்தாராம், அதற்குப் பிறகு மற்றவரைக் காணவில்லையாம்.

“எந்த ஆள நான் அடக்கம் பண்ணினேன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது,” என்றார். “எனக்கு நீங்க ஒண்ணும் கெடுதல் செய்யல தம்பி. ஆனா போங்க. இங்க நிக்காதீங்க.”

சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார். அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். திருடனைப் பார்ப்பது போல. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன், இடையில் எங்கே இறங்கி எங்கே ஏறினேன் என்று ஞாபகமில்லை.

இனி வருகிறதைத்தான் நீங்கள் நம்பப் போவதில்லை.

நல்ல வெயில். ஸ்கூல் வான்கள் ஒழுங்கைக்குள் பிள்ளைகளை இறக்குகிற நேரம். நான் கேட்டுக்குள் வருகிறேன், சுனில் எழுந்து நின்றான், வாய் திறந்தபடியே நின்றான். மாத்தயா இப்போதுதானே மேலே என்று சிங்களத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு லிப்டில் ஏறினேன். நாலாம் மாடியில் லிப்ட் நின்றது, புவனா அன்ரி, போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்குச் சண்டைக்கு வரத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். என்னை லிப்டுக்குள் கண்டதும் அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றுபோனது. மேலே நிமிர்ந்து பார்த்தார். பாட்டு அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் ஏறினார்.

எங்கள் கதவுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றோம். உள்ளே பாட்டு, நிலத்தில் காலால் போடுகிற தாளம், சட்டைப் பையில் ஊசி. புவனா அன்ரிதான் மணியை அடித்தார். தாளம் நின்றது. செருப்புச் சத்தம் கதவு வரை வந்தது. என்னுடைய வீட்டுச் செருப்பு, ஒரு பக்கம் தேய்ந்தது, அது இழுபடுகிற சத்தம் எனக்குத் தெரியும்.

“ஆரது?” என்று உள்ளே கேட்டது.

நம்முடைய குரலை வெளியே கேட்டால் வேறு யாரோ போல இருக்கும். ஆனால் போனில் அனுப்புகிற குரல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கம். அது என் குரல். புவனா அன்ரி கதவைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார், என் வாய் மூடியிருக்கிறதா என்று.

கதவைத் திற என்று கத்தினேன். சாவியைப் போட்டுத் திருப்பினேன், கதவு ஒரு விரல் அளவு திறந்து சங்கிலியில் தட்டி நின்றது. அந்த இடைவெளியால் என்னுடைய ஷேவிங் சோப்பின் வாசம் வந்தது. ஆள் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ முழுப்பாரத்தையும் சாய்த்து நிற்பது தெரிந்தது, மூச்சு விடுவது கேட்டது.

“நான் என்ர வீட்டில இருக்கிறன்,” என்றது. சத்தம் போடவில்லை, மெல்லமாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “இனி நீ இஞ்ச வராதை.”

அந்தச் சொல்லில் இருந்த வெறுப்பை எப்படிச் சொல்வது. நான் பலரோடு சண்டை பிடித்திருக்கிறேன், பலர் என்னை வெறுத்திருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் இருந்தது. இதற்கு நான் உயிரோடு இருப்பதே காரணம்.

சுனில் பயத்திலா கோபத்திலா தெரியாது, தோளால் கதவை இடித்தான். இரண்டாவது இடியில் எதிர்ப்பே இல்லாமல் கதவு விரியத் திறந்து அவன் உள்ளே போய் விழுந்தான். சங்கிலி அறுபடவில்லை. யாரோ கழற்றி விட்ட மாதிரித் தொங்கிக்கொண்டு ஆடியது.

உள்ளே ஒருவரும் இல்லை. ஐந்தாம் மாடி, பல்கனிக் கதவு உள்ளே கொளுவியிருந்தது. சுனில் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தான். பிளேயரில் வெள்ளை லேபல் தட்டு வேகம் குறைந்து குறைந்து நிற்கப் போகிற நிலையில் சுற்றிக்கொண்டிருந்தது, கையின் நுனி நான் கழற்றி விட்டபடி மொட்டையாக. குளியலறை நிலம் ஈரம். என் துவாய் ஈரம். கண்ணாடியில் இன்னும் ஆவி படிந்திருந்தது.

புவனா அன்ரி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு முறைப்பாடு இல்லை, குரூப்பில் ஒன்றும் எழுதுவதில்லை. நான் லிப்டுக்குள் நின்றால் அவர் ஏறுவதில்லை, முழங்கால் வலியோடும் படியால் இறங்குவார். ஹெந்தளையில் தங்கையிடம் போய்விடப் போவதாகக் கேள்வி.

அன்று பின்னேரம் சுகந்தி வேலையால் வந்தபோது நான் சமையலறை நிலத்தில் இருந்தேன், தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலோடு. தட்டு உடையாது, வளையும், வெட்டத்தான் வேண்டும். லேபலை நடுவால் வெட்டினேன், பிறகு நாலாக, எட்டாக. யார் விரல் பட்டாலும் சண்டைக்குப் போகிற ஆள், நானே வெட்டினேன். வளையத்தில் கையால் கீறியிருந்த எழுத்து ஒரு துண்டில் முழுதாக வந்தது, அதையும் வெட்டினேன். நடந்ததை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வெட்டினேன். அவள் கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு அழத் தொடங்கினாள், சத்தமே இல்லாமல், நிறுத்த முடியாமல். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். துண்டுகளைப் பையில் கட்டி, தண்டவாளத்தைத் தாண்டிப் போய், வெவ்வேறு இடத்தில் கடலில் எறிந்துவிட்டு வந்தேன். மற்றத் தட்டுகளை ஒருவருக்கும் விற்கவில்லை, கொடுக்கவுமில்லை, பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பிளேயரைக் கழற்றிவிட்டேன். மூடிய ஜன்னலைத் திறந்துவிட்டேன். பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

இதோடு முடிந்தது என்றால் நான் இதை ஒரு கதையாகச் சொல்லிச் சிரித்துக்கூட இருப்பேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், நானும் சுகந்தியும் பல்கனியில் இருந்தோம். எங்களுக்குள் சண்டை குறைந்திருந்தது, உண்மையைச் சொன்னால் சண்டையே இல்லை. நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

“எப்பவிருந்து நீங்கள் தேத்தண்ணி போடப் பழகினனீங்கள்?” என்று கேட்டாள்.

ஏன், நான் போடுகிறதுதானே என்றேன். இல்லை என்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் சமையலறைக்குள் தண்ணி குடிக்கத் தவிர வந்ததில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

அந்தத் தட்டு வீட்டுக்கு வந்த புதிதில், தலையிடி என்று ஒருநாள் ஹெவ்லொக் டவுனில் இருக்கிற தன்னுடைய கந்தோரிலிருந்து மத்தியானமே வந்திருக்கிறாள். நான் வீட்டில் இருந்தேனாம். பாட்டை நிறுத்திவிட்டு, அவளை இருத்தி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேனாம். தலையைத் தடவி விட்டேனாம். அவள் கதைக்கக் கதைக்க எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேனாம். அவளுக்கு அது சந்தோஷமாக இருந்ததாம், படுத்து நித்திரையாகிப் போனாளாம்.

“பின்னேரம் நீங்கள் ஒஃபிஸ் பாக்கோட கதவைத் திறந்து திரும்பவும் வந்தனீங்கள்,” என்றாள். “வந்த உடன சப்பாத்தைக் கழட்டாமலே மின்சார பில்லுக்கு என்னோட கத்தினனீங்கள். அப்பதான் எனக்கு விளங்கினது.”

அதனால்தான் கமிட்டியில் வாய் திறக்கவில்லை. அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். வேறு என்ன கதைத்தது என்று கேட்டேன்.

“ஒரு கேள்வி கேட்டவர்,” என்றாள். “இந்த வீட்டில ஒராள்தான் இருக்கலாமெண்டால் நீர் ஆரை வச்சிருப்பீர் எண்டு. நான் பகிடி எண்டு நினைச்சன்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“தேத்தண்ணி போடுற ஆளை எண்டு சொன்னனான்.”

மிச்சத்தைக் குடித்து முடித்தாள். இதெல்லாம் கற்பனை என்று நீங்கள் சொல்லலாம், தலையிடியில் கண்ட கனவு என்று சொல்லலாம், நானும் அப்படி எழுதித் தள்ளியிருப்பேன், வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால். ஆனால் அவளுக்கு எவ்வளவு தேயிலைச் சாயம், எவ்வளவு சீனி, இஞ்சி தட்டிப் போட வேண்டுமா வேண்டாமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சொல்லித் தந்ததுமில்லை. கேத்தலை அடுப்பில் வைத்தால் என் கை தானாகச் செய்கிறது. யார் எனக்குப் பழக்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வருவதில்லை. அவளும் இதுவரைக்கும் ஒருநாள்கூட சீனி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சொன்னதில்லை.